வாசலில் கேட், வீதியில் கார்

புது வீடு கட்டுவோர் வாகனத்துக்கு இடம் விட்டே ஆகவேண்டும் என்கிறது விதி. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் அந்த விதி நெரிசலைக் குறைக்கிறதா, வீட்டைக் குறைக்கிறதா?

புதிதாகக் கட்டும் வீட்டில் வாகனம் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் சட்ட விதி. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதை வகுத்திருக்கின்றன. அதற்கு முன்பு நகராட்சிகளுக்கு 1972ஆம் ஆண்டின் விதிகள், ஊராட்சிகளுக்கு 1997ஆம் ஆண்டின் விதிகள், சென்னைப் பெருநகருக்குத் தனி விதிகள் என்று பிரிந்து கிடந்தன. அவை ஒரே தொகுப்பானபோது வாகன நிறுத்த அட்டவணையும் அதன் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. வீட்டின் பரப்பை வைத்தே இடங்கள் கணக்கிடப்படுகின்றன. சிறிய வீட்டுக்கு இருசக்கர வாகன இடம் போதும். பரப்பு கூடினால் கார் இடம் வேண்டும். பல வீடுகள் கொண்ட அடுக்ககம் என்றால் வந்துபோவோரின் வண்டிகளுக்கும் இடம் வேண்டும். ஒரு கார் இடம் குறைந்தது 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும்.

வீட்டில் இருப்பவரிடம் கார் இருக்கிறதா, வண்டி நிற்பது எந்த வீதியில், அந்த ஊருக்குக் கார்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விகளுக்கு அட்டவணையில் இடமில்லை. திருவண்ணாமலையில் முதலில் கேட்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

மலை ஒரு பக்கம், கோயில் நடுவில்

திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,45,278 பேர் இருந்தனர். சுமார் 2,668 அடி உயர மலையின் கிழக்கு அடிவாரத்தில் அண்ணாமலையார் கோயில் அமைந்திருக்கிறது. கோயிலைச் சுற்றி மாட வீதிகள். அவற்றுக்கு அப்பால் பழைய தெருக்கள். அங்கிருந்து செங்கம், போளூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு என்று சாலைகள் விரிகின்றன. மேற்கே மலை நிற்பதால் ஊர் வளர்வதற்கு அந்தத் திசை இல்லை. மலைச்சரிவில் வீடுகள் ஏறினால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் நேர்ந்த மண்சரிவு காட்டியது. ஃபெஞ்சல் புயல் மழையில் சரிந்த மண்ணிலும் பாறையிலும் சிக்கி ஒரே இடத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். பாதுகாப்பாக வீடு கட்டக்கூடிய நிலம் இந்த ஊரில் அளவானது. அதில் ஒவ்வொரு சதுர அடியும் எதற்குப் போகிறது என்பது சிறிய விஷயமல்ல.

பழைய தெருக்களின் மனைகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்பவை. திண்ணை, நடை, கூடம், கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்து நின்ற வீடுகள் அவை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த பிறகு பல மனைகளின் அகலம் இன்னும் சுருங்கிவிட்டது. ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கமும், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டியும், கிரிவலப் பாதையை ஒட்டியும் எழுந்த புதிய மனைப்பிரிவுகளில் நிலைமை வேறு. அங்கே சாலை அகலம், மனை சதுரம், கார் நுழைய இடமும் உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே அட்டவணைதான்.

கார்கள் யாருடையவை

2011 கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 4.7 சதவீதத்திடம் மட்டுமே கார், ஜீப் அல்லது வேன் இருந்தது. 21 சதவீதத்திடம் இருசக்கர வாகனம் இருந்தது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு எட்டை ஒட்டியும், இருசக்கர வாகனம் உள்ளவை ஏறக்குறைய பாதியாகவும் இருந்தன. பத்தாண்டில் பெருகியது முக்கியமாக இருசக்கர வாகனம். பூக்கட்டுவோர், பாத்திரக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளி ஆசிரியர் என்று கோயில் நகரத்தில் குடியிருக்கும் பெரும்பாலோர் வீட்டு வாசலில் நிற்பதும் ஸ்கூட்டரோ மொபட்டோதான்.

திருவண்ணாமலை வீதிகளை அடைப்பவை வேறு கார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரப் பக்தர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்தும் திரளுகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று அந்தத் திரள் பல லட்சமாகிறது. சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை நாட்களிலும் கோயிலைச் சுற்றி வெளியூர் வண்டிகளே நிற்கின்றன. தீபத்தின்போது மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு சாலையின் ஊர் எல்லையிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்களையும் கார் நிறுத்துமிடங்களையும் அமைத்து, வாகனங்களை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஊருக்குள் புதிதாகக் கட்டும் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கார் இடங்கள் விட்டாலும் இந்தப் பக்தர்களின் காருக்கு அவற்றில் ஓரிடம்கூடக் கிடைக்காது. அவை பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. வெளியூரில் வாழ்பவர்கள் மலையைப் பார்த்தபடி ஒரு வீடு வேண்டும் என்று வாங்கிப்போடும் வில்லாக்களுக்கும் அடுக்கக வீடுகளுக்கும் வரும் கார்கள் அவை. மாதத்தில் ஒரு பௌர்ணமிக்கு வந்து தங்கிப் போகும் குடும்பத்துக்காக விடப்பட்ட கார் இடம் மற்ற நாட்களில் வெறுமையாகக் கிடக்கிறது. விதி எழுதியபடியே நிறைவேறிய இடம் இதுதான். ஊருக்கு அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

ஒரு கார் இடத்தின் விலை

ஒரு காரின் இடம் 12.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி. ஆனால் கார் உள்ளே வந்து திரும்பி வெளியேற வழியும் வேண்டும். அதையும் சேர்த்தே இந்தியத் திட்ட நெறிகள் திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், கட்டடத்தின் தரைத்தளத்தில் 28 சதுர மீட்டர், அடித்தளத்தில் 32 சதுர மீட்டர் என்று கணக்கிடுகின்றன. தரைத்தளத்தின் 28 சதுர மீட்டர் என்பது சுமார் 300 சதுர அடி. 2015இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிவுற்ற பிரிவினரின் வீட்டுக்கு வகுக்கப்பட்ட பரப்பு 30 சதுர மீட்டர். ஒரு கார் நிற்கும் இடமும் ஓர் ஏழைக் குடும்பம் வாழும் வீடும் அளவில் ஏறக்குறைய ஒன்றே.

20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். மொத்தம் 600 சதுர அடி. முன்பக்கம் காருக்குச் சுமார் 8 அடிக்கு 16 அடி போய்விட்டால், அதன் பக்கத்தில் படிக்கட்டும் நடையும் மட்டுமே அமையும். பின்னால் ஓர் அறையும் குளியலறையும் மிஞ்சும். தரைத்தளத்தில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட நினைத்த குடும்பம் அந்த வருமானத்தை இழக்கிறது. வாடகைக்கு வர இருந்த குடும்பம் ஊருக்கு இன்னும் வெளியே போகிறது. அதே 135 சதுர அடியில் ஐந்து இருசக்கர வாகனங்களை நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூண்களின்மேல் வீடு கட்டி, கீழே வாகனம் நிறுத்தும் ஸ்டில்ட் முறை இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுகிறது. மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் ஸ்டில்ட் தளத்தை விதிகள் சேர்ப்பதில்லை. 2019 விதிகள் அந்தக் குறியீட்டை 1.5இலிருந்து 2ஆக உயர்த்தியிருப்பதால், பெரிய மனையில் கட்டுபவருக்கு இழப்பு குறைவு. சிறிய மனையில் நிலைமை அப்படியில்லை. தூண், உத்தரம், கூடுதல் கம்பி, கூடுதல் படிகள் எல்லாம் செலவு. முழங்கால் வலியுள்ள பாட்டி முதல் மாடிக்கு ஏற வேண்டியிருக்கும். உயர வரம்பு உள்ள கோயில் சூழலில் இழப்பு இன்னும் பெரிது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. 9 மீட்டரில் மூன்று தளங்கள் கட்டலாம். ஒன்றைக் காருக்குக் கொடுத்தால் மனிதர்களுக்கு இரண்டே மிஞ்சும். கோபுரத்தின் காட்சியைக் காக்கும் விதியும் வாகன விதியும் சேர்ந்து, கோயிலருகே சாதாரணக் குடும்பங்கள் வாழ்வதையே கடினமாக்குகின்றன.

கேட்டுக்கு முன்னால் ஒரு கணக்கு

வீட்டுக்குள் கார் நுழைய கேட் வேண்டும். கேட்டிலிருந்து வீதிவரை சாக்கடைமீது ஒரு ராம்ப் வேண்டும். அந்த கேட்டுக்கு எதிரே வேறு யாரும் வண்டி நிறுத்த முடியாது. "கேட் முன் வாகனம் நிறுத்தாதீர்" என்ற பலகை இல்லாத தெருவைக் காண்பது அரிது. இப்படி, வீட்டுக்குள் ஒரு தனிக் கார் இடம் உருவாகும்போது வீதியோரத்தில் ஒரு பொது இடம் அழிகிறது. மனையின் முகப்பு 20 அடியே இருக்கும் தெருவில் வரவும் செலவும் சமம். ஊருக்கு மிச்சம் எதுவும் இல்லை; எல்லோரும் பயன்படுத்திய இடம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஆகி, இன்னொரு குடும்பத்துக்கும் வழிப்போக்கருக்கும் இல்லாமற்போனதே மிச்சம்.

ராம்புகள் சாக்கடையைத் தூர்வார முடியாதபடி மூடுகின்றன. மலையிலிருந்து மழைநீர் இறங்கும் ஊரில் அது தெருவெள்ளமாகிறது. முன்வாசலில் மண்ணும் கோலமும் இருந்த இடத்தில் சிமென்ட் தளம் வருவதால் நீர் இறங்கும் நிலமும் குறைகிறது.

விதி தாளில் நிறைவேறி, தரையில் நிறைவேறாமல் போவதும் உண்டு. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர் தாங்களே சான்றளித்து உடனடி அனுமதி பெறலாம். வரம்புக்குட்பட்ட சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றும் தேவையில்லை. வீடு கட்டும் சாதாரண மக்களுக்கு இவை நல்ல சலுகைகள். அதே சமயம், வரைபடத்தில் கார் இடம் என்று காட்டியது பின்னாளில் கடையாக, குடோனாக, பக்தர்கள் தங்கும் ரூமாக மாறினால் அதைக் கவனிக்கும் கட்டமும் இல்லாமற்போகிறது. கோயிலருகே கார் நிறுத்த இடத்தைவிட ரூமுக்கு வாடகை பல மடங்கு. அந்த ஈர்ப்பை ஒரு பின்னிணைப்பு அட்டவணையால் தடுக்க முடியாது.

விதிக்கு ஆதரவான வாதம்

இடம் விடச் சொல்லும் விதிக்குப் பின்னால் நியாயமான அச்சம் இருக்கிறது. கட்டாயம் இல்லையென்றால் கட்டுபவர் ஒவ்வொரு அடியையும் விற்பனைக்கு ஆக்கிக்கொண்டு, கார்களை வீதியில் தள்ளிவிடுவார் என்பதே அது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய முடியாத தெருக்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன.

திருவண்ணாமலையில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இங்கே வீதி வழிபாட்டு இடமும்கூட. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்கள் மாட வீதிகளில் வலம் வருகின்றன. மகாரதத்தின் வடத்தை ஆயிரக்கணக்கானோர் பிடித்து இழுக்கிறார்கள். கிரிவலம் வருவோர் பலர் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். இந்த வீதிகளில் காரை இலவசமாக நாள் முழுக்க நிறுத்திவைப்பது எவருக்கும் உரிமையாகக் கூடாது. விதியை ஆதரிப்போர் இதைச் சொல்லும்போது அவர்கள் சொல்வது சரி. ஆனால் வீதியைக் காக்க வேண்டுமானால் வீதியைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். வீட்டு வரைபடத்தில் ஒரு செவ்வகம் வரைவதால் வீதியில் நிற்கும் கார் நகர்ந்துவிடாது. வீதியில் நிறுத்துவதற்கு விலையோ தடையோ இல்லாதவரை, வீட்டுக்குள் இடம் உள்ளவரும் வெளியேதான் நிறுத்துவார்.

மற்ற ஊர்கள் கண்ட வழி

குடியிருப்புகளில் வாகன இடத்தைக் கட்டாயமாக்கும் முறை 1923இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் அடுக்ககங்களுக்குத் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் நகரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று அந்த எண்களை எடுத்துக்கொண்டன. கலிபோர்னியப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட தம் நூலில், இலவசமாகத் தோன்றும் கார் இடத்தின் செலவு வீட்டு விலையிலும் வாடகையிலும் கடைப் பொருளின் விலையிலும் மறைந்திருக்கிறது என்றும், கார் இல்லாதவரும் அதைச் சுமக்கிறார் என்றும் விரிவாக நிறுவினார். 2017இல் பஃபலோ நகரம் கட்டாயத்தை முழுவதும் நீக்கியது. அதே ஆண்டு மெக்சிகோ நகரம் குறைந்தபட்ச அளவை எடுத்துவிட்டு, இதற்கு மேல் விடக் கூடாது என்ற உச்ச அளவைக் கொண்டுவந்தது. நியூசிலாந்து 2020இல் தேசியக் கொள்கையாகவே கட்டாயத்தை நீக்க உத்தரவிட்டது.

ஜப்பான் பொறுப்பை வேறிடத்தில் வைத்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே கார் வாங்குபவர் தம் இருப்பிடத்துக்கு அருகே அதை நிறுத்த இடம் உண்டு என்று காட்ட வேண்டும். இரவில் வீதியில் நிறுத்துவது குற்றம். இந்தியாவில் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் கார் வாங்குவோர் நிறுத்த இடம் காட்ட வேண்டும் என்ற முறை இருக்கிறது. இந்த முறையில் சுமை வீடு கட்டுபவர்மீது விழாமல் கார் வாங்குபவர்மீது விழுகிறது. மொபட் வைத்திருக்கும் குடும்பம் இல்லாத காருக்காக ஓர் அறையை இழக்க வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவர் தம் மனையிலோ பக்கத்துக் காலி மனையிலோ வாடகைக்கு இடம் பிடித்துக்கொள்கிறார்.

கோயில் நகரங்களுக்கான பாடம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. மதுரையில் கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகள் வாகனமின்றி நடப்பவர்க்கு விடப்பட்டன. வடக்கு ஆவணி மூல வீதியில் பல்லடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. பழனியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2024இல் கிரிவலப் பாதை தனியார் வாகனங்களுக்கு மூடப்பட்டது. நடக்க முடியாதவர்களைத் தேவஸ்தானத்தின் பேட்டரி வாகனங்கள் ஏற்றிச் செல்கின்றன. இரண்டு ஊர்களிலும் நெரிசலைக் கையாண்டவை பொது இடத்தில் எடுத்த முடிவுகள். திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை பல கிராமங்களையும் நெடுஞ்சாலைகளையும் தொட்டுச் செல்வதால் பழனியைப் போல முழுவதும் மூட முடியாது. மாட வீதிகளுக்கும் பௌர்ணமி நாட்களுக்கும் அந்த வழி பொருந்தும்.

திருவண்ணாமலைக்கு ஏற்ற விதி

முதலாவது, பழைய தெருக்களிலும் சிறிய மனைகளிலும் குடியிருப்புக்குக் கார் இடக் கட்டாயத்தை நீக்க வேண்டும். இருசக்கர வாகனம், சைக்கிள், சக்கர நாற்காலி வந்துபோகும் அளவுக்கு வாசலும் நடையும் இருந்தால் போதும். கார் இடம் விட விரும்புபவர் விட்டுக்கொள்ளலாம். தரைத்தளம் மனிதர்களுக்கு மீண்டும் கிடைக்கும். முதியவர்கள் படியேறாமல் வாழ முடியும்.

இரண்டாவது, லாட்ஜ், கல்யாண மண்டபம், விடுதியாக நடத்தப்படும் வீடு ஆகியவற்றுக்குக் கட்டாயம் தொடர வேண்டும், இன்னும் உறுதியாகவும் வேண்டும். வெளியூர்க் கார்களை ஊருக்குள் ஈர்ப்பவை இவை. தன் மனையில் இடமில்லாத விடுதி ஊர் எல்லையில் உள்ள பொது நிறுத்தத்தில் இடம் எடுத்து, தங்க வருவோரை அங்கிருந்து அழைத்து வர ஏற்பாடு செய்யலாம். குடியிருப்பு என்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்துவோருக்கு இந்தப் பொறுப்பு தானாகவே சேர வேண்டும்.

மூன்றாவது, தீபத்துக்கு மட்டும் திறக்கும் ஊர் எல்லை வாகன நிறுத்தங்கள் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். ஒவ்வொரு பெரிய சாலையிலும் நிழலும் கழிப்பறையும் குடிநீரும் உள்ள ஒரு நிறுத்தமும், அங்கிருந்து கோயிலுக்கு இடைவிடாத சிற்றுந்தும் இருந்தால், காரை ஊருக்குள் கொண்டுவர வேண்டிய தேவை குறையும். 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் ரயில் திருவண்ணாமலைவரை நீட்டிக்கப்பட்டபோது ஒரு வழி திறந்தது. பௌர்ணமி நாட்களில் அதுபோன்ற ரயில்கள் பெருகினால், கார் நிறுத்தத்துக்குச் செலவிட வேண்டிய நிலம் மிச்சமாகும்.

நான்காவது, மாட வீதிகளிலும் அவற்றைத் தொடும் தெருக்களிலும் வீதியோர நிறுத்தத்துக்குக் கட்டணமும் நேர வரம்பும் வேண்டும். அங்கே வாழும் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அடையாள அட்டை, வெளியூர் வண்டிக்கு மணிக்கணக்கில் கட்டணம், தேரோடும் நாட்களில் யாருக்கும் அனுமதியில்லை என்று வகுத்தால் எல்லோருக்கும் தெளிவாக இருக்கும். நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்பதே 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் நிலையும். அந்த வருவாய் அதே தெருக்களின் நடைபாதைக்கும் சாக்கடைக்கும் திரும்ப வேண்டும்.

இவற்றில் முதல் மாற்றத்துக்கு மாநில அரசு 2019 விதிகளின் பின்னிணைப்பைத் திருத்த வேண்டும். கோயில் நகரங்களின் பழைய பகுதிகளை எல்லை குறித்து, அவற்றுக்குத் தனி அட்டவணை தந்தால் போதும். விடுதிகளுக்கான உரிமம், வீதியோரக் கட்டணம், எல்லை நிறுத்தங்கள் ஆகியவை மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் கைக்கொள்ளக்கூடியவை. எல்லை நிறுத்தங்களும் வீதிக் கட்டணமும் முதலில் நடைமுறைக்கு வந்து, அதன் பிறகே வீட்டுக்கான கட்டாயம் நீங்க வேண்டும். வரிசை மாறினால் விதியை ஆதரிப்போர் அஞ்சுவது நடந்துவிடும். வரிசை சரியாக இருந்தால் அதே மாட வீதியில் தேரும் ஓடலாம், தரைத்தளத்தில் ஒரு குடும்பமும் குடியிருக்கலாம்.